சிரித்தாலும் பிழையில்லாத இடம்

ஒரு படத்தைச் சனம் எப்படி எடுத்துக்கொண்டது என்பதை எனக்கு நிலம் சொல்லும். நான் வேலை செய்யும் சினிமா சின்னது. ஒரே ஒரு மண்டபம், சிவப்பு மடக்குக் கதிரைகள். வாரத்தில் ஐந்து காலை அதைக் கூட்டித் துடைப்பது நான்தான். அழுகைப் படம் ஓடியிருந்தால் கதிரைகளுக்கு இடையில் கசங்கிய கடதாசிக் கைக்குட்டைகள் கிடக்கும். பயப்படுத்தும் படம் என்றால் போத்தல்கள் பாதியோடு நிற்கும், குடிக்க மறந்துபோயிருப்பார்கள். சிரிக்கவைக்கும் பகிடிப் படம் என்றால் சோளப்பொரி மூன்று வரிசை தாண்டியும் கிடக்கும். பிடிக்காத படம் என்றால் நுழைவுச்சீட்டைக் கிழித்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிப் போட்டிருப்பார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். விமர்சனத்தை வாசித்து விளங்கிக்கொள்ள எனக்கு நாள் எடுக்கும். நிலத்தை வாசிக்க எடுக்காது.

அந்த மண்டபத்தில் சனத்தோடு சனமாக இருந்து நான் படம் பார்த்தது ஒரே ஒரு தரம்தான். அதுவும் படம் பார்க்கப் போகவில்லை. என் மனுசன் சிரிக்கிறாரா, எப்போது சிரிக்கிறார், தொடங்கினால் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பார்க்கப் போனேன்.

அதற்கு முந்தின வருடம் இலையுதிர் காலத்தில் அவருக்கு மூளையில் இரத்தம் அடைத்துவிட்டது. உயிர் தப்பினார். வலது கை பலம் குறைந்தது, கால் கொஞ்சம் இழுத்தது, பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. இதெல்லாம் சொல்லக்கூடிய வருத்தம். சொல்ல முடியாத ஒன்றும் வந்தது. திடீரென்று சிரிப்பார். பகிடி ஒன்றும் இருக்காது. சந்தோசமும் இருக்காது. தோள் குலுங்கும், வாய் திறக்கும், கண் மட்டும் பயந்துபோய் என்னைப் பார்க்கும். நரம்பு டாக்குத்தர் வடிவாக விளங்கப்படுத்தினார்: அது சிரிப்பு இல்லை, சிரிப்பை அடக்குகிற கதவு பழுதாகிவிட்டது. அதற்கு ஒரு நீளமான பெயரும் சொன்னார். என் வாயில் அது நிற்கவில்லை.

நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. முழங்கால் ஒப்பரேஷன் என்று சொன்னோம். காரணம் அவரின் தங்கை, என் மச்சாள். அவள் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை மியூனிக்கில் கம்பியூட்டர் வேலை, கோயம்புத்தூர் ஆட்கள். எங்களுக்கு முன்பின் தெரியாத சனம்.

“மச்சாள், கையெடுத்துக் கும்பிடுறன், ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதையுங்கோ,” என்றாள் அவள். “பெம்பிளையின்ரை மாமனுக்கு மூளையிலை வருத்தம் எண்டால், பரம்பரை எண்டெல்லோ நினைப்பினம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் சனத்தில் கலியாணம் பேசுகிற வீட்டில் யாருக்கும் வருத்தம் வருவதில்லை. முழங்கால் மட்டும்தான் நோகும்.

மாசி மாதம் ஒரு செத்தவீடு. இறந்தவரும் என் மனுசனும் ஜெர்மனிக்கு வந்தபோது ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒன்றாக இறங்கி, அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு வருடம் படுத்தவர்கள். போகாமல் இருக்க ஏலாது. தகன மண்டபத்தில் எங்களுக்குத் தந்தது ஒரு மணித்தியாலம். அதற்குள் எல்லாம் முடிக்க வேண்டும் என்று ஐயர் அவசரப்பட்டார். இறந்தவருக்காக உரலில் மஞ்சள் இடித்துப் பாடுகிற சுண்ணப் பாட்டுத் தொடங்கியது. உலக்கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அழுதார்கள். அப்போது இவர் சிரித்தார்.

சின்னச் சிரிப்பு இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே இறந்தவரின் தம்பி வந்தார்.

“அண்ணை, சிரிக்கிறதுக்கோ வந்தனீங்கள்?”

இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது இன்னும் கொஞ்சம் சிரிப்பு. நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். மச்சாளின் மகளின் கலியாணம் என் தொண்டைக்குள் நின்றது. அந்தக் குடும்பம் அன்றிலிருந்து எங்களோடு கதையில்லை.

அந்தக் கதை மச்சாளின் காதுக்கும் போனது. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி வாங்கிக் குடித்தாள். அண்ணனின் தலையைத் தடவினாள். பிறகு குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணை வீட்டிலை இருக்கட்டும் மச்சாள். வீடியோவிலை நேராய்க் காட்ட ஒழுங்கு செய்யிறன். நீங்கள் மட்டும் வாங்கோ.”

“அவர் தாய்மாமன்,” என்றேன்.

“அதுதான் மச்சாள் பிரச்சினை. கடைசி வரிசையிலை ஒளிச்சு வைக்க ஏலாது. தாலி கட்டேக்கை மாமன் சிரிச்சால் நான் எந்த முகத்தோடை...” முடிக்கவில்லை. அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயத்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவர் முன்னறையில் இருந்தார். கேட்டதோ இல்லையோ தெரியாது. அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்கு என்று எடுத்து வைத்த பட்டு வேட்டியை இடது கையால் வெளியே எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்தார். 

கலியாணம் ஒரு சனிக்கிழமை. படம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

சினிமாவை நடத்துகிற அம்மா இரண்டு சீட்டை என் கையில் வைத்தா. “உன் கணவரைக் கூட்டிவா. பேச்சே இல்லாத படம். இங்கிலாந்தில் எடுத்தது, நூறு வருடம் வரும். ஒரு மொழியும் தேவையில்லை. பியானோ வாசிக்க ஆள் வருகிறது.” அவவுக்கும் நான் முழங்கால் கதைதான் சொல்லியிருந்தேன்.

என்ன படம் என்று கேட்டேன். பகிடிப் படம் என்றா.

எனக்கு அந்த இடத்திலேயே யோசனை வந்தது. சிரித்தாலும் பிழையில்லாத இடம் ஒன்று இருக்கிறதென்றால் அதுதான். இருட்டு. எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிப்பு அதற்குள் போய்விடும். இரண்டு மணித்தியாலம் சனத்துக்குள் இருக்க அவரால் முடிகிறதா என்று பார்க்கலாம். முடிந்தால் மச்சாளிடம் போய் நிற்கலாம். முடியாவிட்டால் வீடியோதான்.

படத்தைப் பற்றி ஒரு பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் விரல் வைத்து வாசித்தேன். படத்தின் பெயர் எனக்கு உச்சரிக்க வரவில்லை. வீட்டில் இன்றுவரை கேக் படம் என்றுதான் சொல்கிறோம். ஒரு பேக்கரி வேலையாள் நாலு தட்டுக் கலியாணக் கேக் ஒன்றைக் கடையிலிருந்து கலியாண மண்டபத்துக்குக் கொண்டுபோகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் வந்த காலத்தில் இங்கிலாந்துச் சனத்துக்கு அது பிடிக்கவில்லையாம். நடுவில் ஒரு கிழவி அழுகிற இடம் வருகிறது. சிரிக்க வந்த எங்களை ஏன் அழவைக்கிறாய் என்று கோபித்தார்களாம். சினிமாக்காரர்கள் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். வெட்டின படத்தில் முடிவு ஒருவருக்கும் விளங்கவில்லை. அதோடு படம் படுத்துவிட்டது. வெட்டாத பிரதி ஒன்று ஜெர்மனியில் ஒரு நிலவறையில் கிடந்து, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

கேக் என்று வாசித்ததும் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. என் மனுசன் இருபத்தாறு வருடம் ஒரு கேக் கடையின் பின்னறையில் வேலை செய்தவர். தட்டுக் கழுவப் போய், மா குழைத்து, கடைசியில் கலியாணக் கேக்குகளை வான் வண்டியில் ஏற்றி மண்டபத்தில் இறக்கி வைக்கிற ஆளாக இருந்தவர். ஒன்றும் அவர் கையிலிருந்து விழுந்ததில்லை. அந்த வேலை இனி இல்லை. இதைப் பார்த்து அழுதால் என்ன செய்வது? சிரிப்புக்குப் பயந்தவள் இப்போது அழுகைக்கும் பயந்தேன். போகாமல் விடலாமா என்று வெள்ளிக்கிழமை நினைத்தேன், சனிக்கிழமை நினைத்தேன். ஞாயிறு மத்தியானம் சப்பாத்துப் போடும்போதும் நினைத்தேன்.

மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நரைத்த தலைகள்தான் கூட. நான் கூட்டுகிற தரையில் மற்றவர்களின் சப்பாத்துகளைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கதவுக்குக் கிட்ட, வரிசையின் ஓரக் கதிரையை அவருக்காகப் பிடித்தேன். எழுந்து கதவுக்குப் போக எட்டு அடி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இருந்தேன். எங்களுக்கு முன்னால் நீலச் சால்வை போட்ட ஒரு அம்மா. பியானோ வாசிக்க வந்தவவும் வயதான மனுசிதான். ஒரு வணக்கமும் வைக்காமல் இருந்து, இரண்டு கையையும் தொடையில் துடைத்துவிட்டுத் தொடங்கினா.

படத்தில் வருகிறவன் உயரமானவன். நீண்ட கழுத்து, தொங்கின மீசை. கேக்கை ஏற்றின குதிரை வண்டியின் சில்லு முதலாவது தெருவிலேயே கழன்றுவிட, கேக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்கத் தொடங்குகிறான். கடற்கரைப் பட்டினம். ஏற்றம், இறக்கம், காற்று. ஒரு நாய் முன்னால் வருகிறது. ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறான். பாண்டு வாத்தியக்காரர் முழுப்பேரும் எதிரே வருகிறார்கள். ஒவ்வொரு தரமும் கேக் சரிகிறது, நிமிர்கிறது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நீலச் சால்வை அம்மா தன் முழங்காலில் அடித்துச் சிரித்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை விரல்களை ஒன்றுக்குள் ஒன்று இறுக்கிக்கொண்டு இருந்தேன். விழுந்தால் என்ன, நூறு வருடத்துக்கு முந்தின கேக். ஆனாலும் ஏலவில்லை. பிறகு பக்கத்தில் பார்த்தேன்.

இவரும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி, உள்ளங்கையை மேலே விரித்துப் பிடித்திருந்தார். வலது கை இடதை விட ஒரு சாண் பதிவாக நின்று நடுங்கியது. படத்தில் அவன் படி ஏறும்போது இவர் கையும் ஏறியது. அவன் வாசலுக்குள் சரிந்து நுழையும்போது இவரும் தோளைச் சரித்தார். முகம் வேலை செய்கிற முகம். வருத்தம் வந்த நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அரைவாசியில் அந்தக் கிழவி வந்தாள். அவன் முகவரி மாறி ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே தொப்பி போட்டு, கையுறை போட்டு, நல்ல உடுப்போடு ஒரு கிழவி கதிரையில் இருக்கிறாள். அதே கலியாணத்துக்குப் போக வெளிக்கிட்டு இருக்கிறவள். கூட்டிப்போக வண்டி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். யன்னலால் பார்க்கிறாள். வண்டி வருகிறது, உள்ளே சனம் சிரித்தபடி, நிற்காமல் போகிறது. அவன் கேக்கை அவளுடைய மேசையில் மெதுவாக இறக்கி வைக்கிறான். கிழவி கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றுகிறாள். அழுகிறாள்.

பியானோக்காரம்மா கையை எடுத்துவிட்டா. மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

படத்தில் கேக் மேசைக்கு இறங்கியதும் இவர் கையும் மடிக்கு இறங்கியது. அடுத்த மூச்சில் சிரிப்புத் தொடங்கியது.

அந்த அமைதிக்குள் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீலச் சால்வை அம்மா திரும்பினா. அவவின் கண்ணில் தண்ணீர். “கொஞ்சமும் வெட்கம் இல்லையா?” என்றா. இன்னும் மூன்று நாலு தலை திரும்பியது. நான் அவரின் கையைப் பிடித்தேன், டாக்குத்தர் சொன்ன மாதிரி வாயைக் குவித்து ஊதச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டு அடி என்று எண்ணியிருந்தேன்தானே. எழும்ப நினைத்து மடியில் இருந்த பையைத் தூக்கினேன். அதைத் தோளில் போடாமல், ஏன் என்று எனக்கே தெரியாமல், அவரின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தேன். பாரமான பை. தண்ணீர்ப் போத்தல், குடை, அவரின் மருந்து, எல்லாம் அதற்குள்.

சிரிப்பு அறுந்தது. அவர் பையைப் பார்த்தார். வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி மட்டம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கடைசிவரை பை அவரின் கையில்தான் இருந்தது. படத்தில் உயரமானவன் கேக்கின் மேல் தட்டைக் கழற்றிக் கிழவியின் மடியில் வைத்து, அவளையும் ஒரு பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு கலியாணத்துக்குப் போகிறான். மிச்சக் கேக்கும் சேதமில்லாமல் போய்ச் சேருகிறது. மேசையில் வைக்கிறான். அப்பாடா என்று மேசையில் சாய்கிறான். மேசைக்கால் முறிகிறது. மூன்று தட்டும் போச்சு. கிழவியின் மடியில் இருந்த தட்டு மட்டும் மிச்சம். அதைத்தான் வெட்டிக் கலியாணம் நடக்கிறது. கிழவியை வெட்டி எறிந்தவர்களுக்கு முடிவு விளங்காமல் போனது அதனால்தான்.

மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. இவர் கோபத்தோடு என்னைப் பார்த்தார்.

“கீழை... பலகை... வைக்கேல்லை,” என்றார். “மேசை... பாக்கோணும்... முதல்.”

வெளிச்சம் வந்ததும் நான் ஓடத்தான் பார்த்தேன். நீலச் சால்வை அம்மா வரிசை முனையில் மறித்துக்கொண்டு நின்றா. இவரையும், கையில் இருந்த பையையும், காலையும் பார்த்தா. “உங்கள் கணவருக்குச் சுகமில்லையா?” என்று கேட்டா.

முழங்கால் என்று சொல்ல வாய் எடுத்தேன். நாக்கு வேறு சொல்லைச் சொன்னது. “ஷ்லாக்அன்ஃபால்.” பக்கவாதத்துக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல். வெளியார் ஒருவருக்கு அதை நான் சொன்னது அதுதான் முதல் தரம். “அவர் சிரிப்பதில்லை. அது தானாக வருகிறது.”

 “அதைச் சொல்லியிருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேனே,” என்றா. “அந்தக் கிழவியைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.” இவரின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனா. அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை.

அடுத்த நாள் காலை அந்த மண்டபத்தைக் கூட்டினேன். முன் வரிசைகளில் சோளப்பொரி தூரத் தூரப் பறந்து கிடந்தது. அதே கதிரைகளின் கீழே கடதாசிக் கைக்குட்டைகளும் கிடந்தன. இரண்டும் ஒன்றாகக் கிடந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. இவர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தும்புத்தடியோடு அங்கே நின்று கணக்குப் பார்த்தேன். கையில் பாரம் இருப்பதாக நினைத்தவரைக்கும் சிரிப்பு வரவில்லை. கை வெறுமையானதும் வந்தது. திரும்பப் பாரம் வந்ததும் போனது.

அன்று பின்னேரமே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணையை நான் கூட்டிக்கொண்டு வாறன். தாலித் தட்டத்தை அவரின்ரை கையிலை குடுங்கோ. ஐயர் கேட்கும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டிருப்பார். சிரிக்கமாட்டார்.”

“மச்சாள், உங்களுக்கு விசரோ? தாலித் தட்டத்தை ஏலாத கையிலையோ? விழுந்தால்?”

“அவர் ஒரு நாளும் விழுத்தினதில்லை.”

“அது கேக். இது தாலி.”

“அப்ப மாப்பிளை பகுதிக்கு விசயத்தைச் சொல்லுவம். சொன்னால் சிரிச்சாலும் பரவாயில்லைத்தானே.”

“கலியாணத்துக்கு அஞ்சு நாள் இருக்கு. இப்பவோ சொல்லுறது? நீங்கள் சொன்னால் மச்சாள், நீங்களும் எனக்கு வேண்டாம்.” தொலைபேசியை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊன்ட்றொப்பில் எங்கள் சனம் கட்டின கோயில் அம்மனுக்கு நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு, என்னத்துக்காக நேர்கிறேன் என்று எனக்கே குழப்பம் வந்தது. சொல்லத் துணிவு வரவா, சொல்லாமல் தப்பவா? புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எடுத்தேன். கலியாணத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து, மியூனிக்கில் மகனோடு நின்றா. மணி அடிக்கும்போது எடுக்காமல் விடட்டும் என்று கும்பிட்டேன். எடுத்துவிட்டா.

“சொல்லுங்க சம்மந்தி, எப்படி இருக்கீங்க? ஷாப்பிங் எல்லாம் முடிஞ்சுதா?”

எழுதி வைத்துத்தான் இருந்தேன். எழுதினதை வாசிக்க ஏலாமல் கண் மறைத்தது. கண்டபடி சொன்னேன். பக்கவாதம் என்றேன், பரம்பரை இல்லை என்றேன், சிரிப்பு என்றேன், செத்தவீட்டைக்கூடச் சொல்லிவிட்டேன். கையில் ஏதும் பாரம் இருந்தால் சிரிக்கமாட்டார் என்றும் சொன்னேன்.  

“இது பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமா, நீங்க கூப்பிட்டது?”

“இல்லை.”

“சரி,” என்றா. “நான் பாத்துக்கறேன்.” வைத்துவிட்டா.

சரி என்றால் என்ன சரி? எதைப் பார்த்துக்கொள்வா? கலியாணத்தை நிற்பாட்டுவதையா? அந்த மூன்று நாளும் தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தரமும் யாருடைய இலக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மச்சாளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே முகம் வழித்து, பட்டு வேட்டியைக் கட்ட ஏலாமல் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மண்டப வாசலில் மச்சாள் எங்களைக் கண்டாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் மணவறைக்கு நேரே முதல் வரிசையில் இருத்தினாள். நான் பின்னால் போனேன். மணவறையில் சடங்கு தொடங்கி அரை மணித்தியாலம் இருக்கும். தாலித் தட்டத்தைச் சபைக்குக் கொண்டுவந்து பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுகிற நேரம் வந்தது. மச்சாள் தட்டத்தோடு இறங்கி வந்தாள். கூறை, தாலி, தேங்காய், வெற்றிலை, மஞ்சள், பூ. எல்லா வரிசைக்கும் கொண்டுபோனாள். கடைசியில் திரும்பி வந்து, அண்ணனின் இரண்டு கையிலும் அதை வைத்தாள்.

“அண்ணை, ஐயர் கேப்பார். அதுவரைக்கும் பிடிச்சிருங்கோ.” பிறகு, என் பக்கம் திரும்பாமலே, “விழுந்தால் நான் உங்களோடை ஜென்மத்துக்கும் கதைக்கமாட்டன் மச்சாள்,” என்றாள். திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு அவள் சொன்ன முதல் வசனம் அது. எனக்கு அழுகை வந்தது.

இவர் முதலில் தட்டத்தின் அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு வலது கையை உயர்த்தி மட்டமாக்கினார். தேங்காய் ஒரு தரம் உருண்டது. இடது பெருவிரலால் தடுத்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் மணமக்களைப் பார்க்கவேயில்லை. தேங்காயை மட்டும் பார்த்தேன்.

இந்த யோசனையில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்திருந்தது. தாலி கட்டும் நேரத்தில் தட்டம் கையில் இருக்காது. அதற்காகத்தான் பெரிய பையைக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் யாரோ என்னையும் எழுப்பி அறுகரிசியைக் கையில் தந்து முன்னால் தள்ளிவிட்டார்கள். ஐயர் தட்டத்துக்குக் கை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா வந்து அதை இவரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனா. பை என் கதிரையின் கீழே. நான் நாலு பேருக்கு அங்கால்.

கெட்டிமேளம் தொடங்கியது. எல்லோரும் அரிசி எறிந்தார்கள். நான் எறியவில்லை, திரும்பிப் பார்த்தேன். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, தோள் குலுங்கியது, கண் என்னைத் தேடியது. மேளத்துக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்தப் படத்தில் வந்தவர்களைப் போல, வாய் மட்டும்.

மேளம் எவ்வளவு நேரம் அடிப்பார்கள்? சனத்தை விலக்கிக்கொண்டு போனேன். சேலைத் தலைப்பு ஒரு கதிரையில் மாட்டியது. அதை இழுக்கும்போது மேளம் நின்றது. சிரிப்பு நிற்கவில்லை. முன் இரண்டு வரிசையும் திரும்பின. மணவறையில் மச்சாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வெறும் தட்டத்தோடு படியிறங்கி வந்தா. அதில் அந்தத் தேங்காயும் ஒரு பிடி பூவும்தான் மிச்சம். “அண்ணா, இதைக் கொஞ்சம் புடிங்க, எங்க வைக்கிறதுன்னே தெரியல,” என்று சொல்லி அவர் கையில் வைத்தா. இவர் வாங்கினார். மட்டம் பார்த்தார். சிரிப்பு நின்றது.

பந்தியில் நான் அவவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “உங்கடை ஆக்கள் ஏதும் குறையாய் நினைச்சவையோ?” என்று கேட்டேன்.

“நீங்க கூப்பிட்ட அன்னிக்கே பொண்ணோட அம்மாகிட்ட பேசிட்டேன். எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன். சொல்லாம இருந்தா நிச்சயமா கோவிச்சிருப்பாங்க,” என்றா. “எனக்கு ஒரு வருத்தம்தான். ரொம்ப நாளா முழங்கால்னு சொல்லிட்டு இருந்தீங்களே.”  அப்பளம் கேட்டுப் போனா.

செத்தவீட்டுக்காரருக்கு நான் இன்னும் எடுக்கவில்லை. இலக்கம் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கலியாணத்தன்று மண்டபம் வெறுமையான பிறகு, பழக்க தோசத்தில், கதிரைகளுக்கு இடையில் நடந்து நிலத்தைப் பார்த்தேன். யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கலாம் என்று. எல்லா இடமும் அரிசி. முன் வரிசையிலும் அரிசி, பின் வரிசையிலும் அரிசி, இவரின் கதிரையின் கீழும் அரிசி. ஒன்றும் விளங்கவில்லை. இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். தட்டத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.